மனசுக்கு ஒப்பாத கம்பனியில் பங்கு வாங்கலாமா?

கேட்டவர் ஹட்டன்காரர், கொழும்பில் வேலை. பங்கு வாங்கி வைப்பதற்கான சிடிஎஸ் கணக்கைப் புதிதாகத் திறந்திருக்கிறார். தேயிலைத் தோட்டக் கம்பனி, சிகரெட், சாராயம் இவற்றில் பங்கு வாங்குவது பாவமா என்கிறார். நானும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, இன்று பங்குச் சந்தையில் கொஞ்சம் காசு போடுகிறவன்தான்.

பங்குச் சந்தையில் நீங்கள் வாங்குவது இன்னொருவர் விற்கும் பங்கை. காசு அவருக்குப் போகிறது, கம்பனிக்கு அல்ல. கம்பனி புதிதாகப் பங்கு வெளியிட்டால் கதை வேறு. மற்றபடி, நீங்கள் ஒதுங்கி நிற்பதால் எந்தக் கம்பனியும் நொடிந்துவிடாது. "நான் வாங்காட்டி வேறொருத்தன் வாங்குவான்" என்பது கணக்குப்படி சரிதான்.

என் தயக்கம் வேறு. வாங்கிய பிறகு நம் ஆசை எந்தப் பக்கம் சாயும்? 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாள்சம்பளம் 1000 ரூபாய் என்றானபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1700 என்று வர்த்தமானி வந்தபோதும் போயின. அந்த ஆண்டு அது 1350இல் வந்து நின்றது. அந்தப் பங்குகள் என்னிடம் இருந்திருந்தால்? கொழுந்து நிறை போதாமல் அம்மா அரைப் பேரோடு, அதாவது பாதி நாள் சம்பளத்தோடு, வீட்டுக்கு வந்திருப்பார். நான் போனில் பங்கு விலையைப் பார்த்தபடி, வழக்கு கம்பனிப் பக்கம் தீர வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டியிருப்பேன். அதனால் தோட்டப் பங்கு எனக்கு வேண்டாம்.

சிகரெட், சாராயம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பங்கிலாபம் நன்றாகவே வரும். சம்பள நாளில் சாராயக்கடை வாசலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். நோர்வேயின் அரச நிதியமே 2010இல் புகையிலைக் கம்பனிகளை விலக்கியது.

அதற்காக நம் கை சுத்தம் என்றும் சொல்ல முடியாது. சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும், வேலை தருபவர் போடும் 12 வீதமும் நம் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் போகின்றன. மத்திய வங்கி அதில் பெரும்பகுதியை அரசின் கடன் பத்திரங்களிலும், கொஞ்சத்தைக் கம்பனிப் பங்குகளிலும் போடுகிறது. எந்தக் கம்பனியில் போடலாம் என்று கொழுந்து பறிக்கும் அக்காவை யார் கேட்டார்கள்?

பங்கு வாங்கி உள்ளே போய்க் கேள்வி கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொல்வார். அதில் நியாயம் உண்டு. சில பங்குகள் இருந்தாலே வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசலாம். அதற்கென்றால் தாராளமாக வாங்குங்கள், லாபக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். போகுமுன் ஆண்டறிக்கையில் லயன் வீடுகளுக்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று பார்த்துவிட்டு, கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள்.