பழைய நிலத்தடித் தொட்டிகளைச் சீரமைத்தால் இன்றைய நகரத்துக்குத் தண்ணீர் மிச்சமாகுமா?

நிச்சயமாக மிச்சமாகும். அகமதாபாத்தின் பழைய நகரத்தைப் பாருங்கள். ‘போல்’ எனப்படும் குறுகலான குடியிருப்புகளில், பழைய வீடுகள் பலவற்றின் முற்றத்துக்கு அடியில் ஒரு ‘டாங்கா’ இருக்கிறது. கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியாக இறக்கி, குடிப்பதற்காகச் சேர்த்து வைக்கும் தொட்டி அது. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுவது போலத்தான்.

காரணம் எளிது. அங்கே மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்பு. 50 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். கொஞ்சம் சிந்திப் போனாலும் மீதி நல்ல தண்ணீர். இதைச் சாக்கடையில் விட்டுவிட்டு லாரிக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

சரி, எப்படிச் சீரமைப்பது? சேற்றை அள்ளினால் மட்டும் போதாது. விரிசலைச் சுண்ணாம்புக் காரையால் பூச வேண்டும். சிமெண்ட் பூச்சு பழைய செங்கல் சுவரோடு ஒத்துப்போகாமல் நாளடைவில் பெயர்ந்துவிடும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிகிறதா என்று பார்ப்பதில் அலட்சியமே கூடாது. அப்புறம், முதல் மழையை வெளியே திருப்பிவிட வேண்டும். கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும்.

‘தேங்கிய தண்ணீர் கெட்டுத்தான் போகும்’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெளிச்சம் படாவிட்டால் பாசி பிடிக்காது, மூடி இறுக்கமாக இருந்தால் கொசு புகாது, குடிக்குமுன் பரிசோதித்து, நல்ல தண்ணீர்தான் என்று தெரிந்தால் தயங்கவே வேண்டாம்.