வாடகை வீட்டுப் புளோக்குகளில் ஊழியம்: தலைவர்களை எங்கே தேடுவது?

சிங்கப்பூரில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு வாடகைக்கு விடும் அடுக்குமாடி புளோக்குகளிலும், நகரத்து மற்ற ஏழைகள் மத்தியிலும் ஊழியம் செய்யத் தலைவர்களைப் பயிற்றுவிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

எங்கள் சபை இளையர்கள் மாதம் ஒருமுறை ஓரறை வாடகை வீடுகளுக்கு அரிசியும் மைலோவும் கொடுக்கிறார்கள். பயிற்சிக்கு இது போதுமா? – புக்கிட் பாத்தோக் சகோதரி

போதாது சகோதரி. பையை நீட்டிவிட்டு லிஃப்டுக்குத் திரும்புகிறவர் அந்த வீட்டைப் பார்ப்பதே இல்லை. என்னிடம் வருபவர்களை முதல் ஆறு மாதம் வெறுங்கையோடுதான் அனுப்புகிறேன். ஒரே மாடி, அதே வீடுகள், வாராவாரம். அப்போதுதான் கண்ணில் படும். முன்பின் தெரியாத இரண்டு முதியவர்கள் ஒரே அறையில் நடுவே அலமாரியை நிறுத்தி எல்லை பிரித்திருப்பார்கள். மின்கட்டண பாக்கி ஏறிய வீட்டில், பணம் ஏற்றினால்தான் மின்சாரம் தரும் மீட்டர் இருக்கும். பணம் தீர்ந்த இரவில் அந்த வீட்டுப் பிள்ளை தாழ்வார வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதும். இதைப் பார்த்தவர் அரிசிப் பையோடு நின்றுவிட மாட்டார்.

இறையியல் கல்லூரிப் படிப்பு இல்லாமல் முடியுமா ஐயா?

படிப்பு வேண்டும் தம்பி. 1948 முதல் டிரினிட்டி இறையியல் கல்லூரி, 1952 முதல் சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரி என்று நமக்கு நல்ல இடங்கள் உண்டு. ஆனால் எங்கே இருந்துகொண்டு படிக்கிறோம் என்பது முக்கியம். ஏழைகள் மத்தியில் ஊழியம் செய்த ஜப்பானியக் கிறிஸ்தவர் ககாவா இறையியல் மாணவராக இருக்கும்போதே, 1909 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், கோபே நகரச் சேரியில் குடியேறினார். நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் கடனுக்காகப் பிள்ளைகளை அடிமைப்படுத்த வேண்டிவந்ததைப் பற்றி அலறுகிறார்கள். ஆ லோங் என்னும் சட்டவிரோதக் கந்துவட்டிக்காரரின் ஆட்கள் பெயின்ட் ஊற்றிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், காம்கேர் என்னும் அரசு நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஓர் அம்மாவுடன் சமூக சேவை அலுவலகத்துக்கு ஒருமுறையாவது போங்கள். சம்பளச் சீட்டு, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தன் குடும்பக் கதையை இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் எப்படி இறங்குகிறது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுவும் பாடத்திட்டம்தான்.

எங்கள் துணைப்பாட வகுப்புக்கு முஸ்லிம்களான மலாய்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். சுவிசேஷம் சொல்லலாமா?

கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று அழைத்தால் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். உதவியையும் மதத்தையும் முடிச்சுப் போடுவது பெற்றோரின் நம்பிக்கையை முறிக்கும். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இலேயே வந்தது. அதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். தின்பண்டம் ஹலாலாக இருக்கட்டும். "ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?" என்று பெரியவர்கள் யாராவது கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு போதகரை அழைத்துப் பேசவைக்கலாமா?

அழைக்கலாம். ஆனால் சமயச் சொற்பொழிவுக்கு மனிதவள அமைச்சின் அனுமதி அட்டை தேவை. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

தங்குவிடுதியில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர் சகோதரர்களைத் தலைவர்களாக்க முடியுமா?

தலைவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். ஊரில் ஒருவரின் அப்பா இறந்துவிட்டால் அறை அறையாகப் போய் விமான டிக்கெட்டுக்குப் பணம் திரட்டுகிறவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள். பலருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. துணி துவைப்பதும் வீட்டுக்குப் பேசுவதும் அன்றைக்குத்தான். அதை முழுவதுமாக வகுப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகும் லாரியில் கேட்கும்படி பத்து நிமிடப் பாடத்தை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புங்கள்.

ஓராண்டிலேயே எங்கள் இளையர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

இயேசு அனுப்பியதுபோல இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். கட்டாயத் தேசிய சேவை, தேர்வு என்று அவர்கள் விலகத்தான் செய்வார்கள், குறை சொல்லாதீர்கள். அந்தப் புளோக்கிலேயே எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆன்ட்டி இருப்பார். யார் வீட்டில் மருந்து தீர்ந்தது, எந்தப் பையன் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டாம் ஆண்டில் அவரைக் குழுவில் சேருங்கள். உதவி பெறுபவர் பட்டியலிலேயே வைத்திருக்காமல், நிதியை யாருக்கு எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். கூட்டத்தை அவருக்கு வசதியான நேரத்தில், அவர் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே வையுங்கள்.