சர்ச்சைத் திறந்து வைத்தவர்

கேள்வி: ஒருவர் புகழ் பெறுவதற்குச் சர்ச்சை ஏணியா, சறுக்குமரமா?
(வாசகர், தக்கலை)

பதில்: தக்கலையிலிருந்து பஸ் ஏறிக் களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். அங்கே ‘சர்ச்ச’ என்றால் பேச்சுவார்த்தை. இரண்டு மந்திரிகள் சர்ச்ச நடத்தினார்கள் என்று மலையாளப் பத்திரிகை எழுதினால், உட்கார்ந்து சாயா குடித்தார்கள் என்று பொருள். அதே சொல்லுக்கு நாம் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டோம்.

இந்தச் சொல்லிடம் நான் பட்ட பாடு தனி. உதவி ஆசிரியனாக இருந்தபோது மார்த்தாண்டம் பக்கம் ஒரு தேவாலயத் திறப்பு விழா. ‘பேராயர் புதிய சர்ச்சைத் திறந்து வைத்தார்’ என்று நிருபர் எழுதித் தந்தார். இலக்கணப்படி பிழையே இல்லை. சர்ச்சோடு ஐ உருபு சேர்ந்தால் சர்ச்சைதான். அச்சேற்றிவிட்டேன். மாலைக்குள் விழாக் கமிட்டியார் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் எங்கள் பத்திரிகை, அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம். மறுநாள் திருத்தம் போட்டோம்: ‘சர்ச்சைப் பற்றிய சர்ச்சைக்கு வருந்துகிறோம்.’ அதற்கு எட்டுப் பேர் வந்தார்கள்.

சரி, ஏணிக்கு வருகிறேன். பழையாற்றங்கரை ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையும் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது செய்தார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் இருவருக்கும் விடுதலை. ஒரே வழக்கு, ஒரே சிறைவாசம். கலைவாணர் வெளியே வந்து பழையபடி சிரிக்க வைத்தார். பாகவதருக்கோ, மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ காலம் பிறகு திரும்பவே இல்லை.

வழக்குதான் பாகவதரை வீழ்த்தியது என்று இன்றும் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் உள்ளே இருந்த நாட்களில் வெளியே சினிமா மாறிக்கொண்டிருந்தது. பாட்டு இருந்த நாற்காலியில் வசனம் வந்து உட்கார்ந்துவிட்டது. கலைவாணரின் சரக்கு பேச்சு. அவருக்கு நாற்காலி பறிபோகவில்லை. சர்ச்சையே இல்லாமலிருந்தாலும் பாகவதருக்கு அந்த மாற்றம் வந்தே தீர்ந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக.

இதில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. லட்சுமிகாந்தன். ‘இந்து நேசன்’ நடத்தி, நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சடித்துப் பிழைத்தவர். மூவரில் சர்ச்சையை முழுநேரத் தொழிலாக வைத்திருந்தவர் அவர் ஒருவரே. இன்று ‘கொலை வழக்கு’ என்ற இரண்டு சொற்களைப் பின்னால் ஒட்டாமல் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாரென்று கேட்பார்கள்.

மார்த்தாண்டம் விவகாரத்தில் நான் தப்பிக்க ஒரு வழி இருந்திருக்கிறது, பிறகுதான் உறைத்தது. நம் மாவட்டத்துக் கத்தோலிக்கர்கள் சர்ச்சைக் கோயில் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் கோயிலா கோவிலா என்று வடசேரித் தமிழாசிரியர் கிளம்பியிருப்பார். ஓய்வு பெற்ற நாள் முதல், இதழ் தவறாமல் ‘நாகர்கோவில்’ என்பதில் ‘வி’யை அடித்து ‘யி’ போட்டுப் பச்சை மையில் அஞ்சலட்டை அனுப்புகிறார். தொல்காப்பியத்தில் தொடங்கி என் படிப்பில் முடிப்பார். இருபது வருஷச் சர்ச்சை. புகழ் அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை, தபால்காரருக்கு மட்டும் அவர் கையெழுத்து பழகிவிட்டது.

ஐயா, இந்த இதழிலும் ‘வி’தான்.