சைலன்சர் மாட்டினால் காதில் எதுவும் வைக்க வேண்டாமா?

கேள்வி: வயது 38. டெக்சாஸில் வசிக்கிறேன். போன மாதம் நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய், காதில் எதுவும் வைக்காமல் ரைஃபிளால் நான்கைந்து முறை சுட்டேன். அன்று இரவு முழுக்க இடது காதில் 'ஙொய்' என்று இரைச்சல். இப்போது குறைந்துவிட்டது, அறை அமைதியாக இருந்தால் மட்டும் கேட்கிறது. "சைலன்சர் வாங்கிவிடு, இப்போது வரிகூட இல்லை. அப்புறம் காதுக்கு எதுவும் வேண்டாம்" என்கிறார் நண்பர். சரியா டாக்டர்?

பதில்: வரி விஷயத்தில் நண்பர் சொல்வது சரி. காது விஷயத்தில் தவறு.

முதலில் உங்கள் காதைப் பார்ப்போம். நீங்கள் வலதுகைக்காரர் என்று நினைக்கிறேன். துப்பாக்கிக் கட்டையை வலது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது வலது காது தலையின் மறைவில் போய்விடுகிறது. இடது காது குழல்முனையைப் பார்த்து நிற்கிறது. அதனால்தான் வேட்டைக்காரர்களுக்கு இடது காது முதலில் அடிவாங்கும். ஆடியோகிராம் (கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்தால் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம் தெரியலாம். தொடக்கத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சலான இடத்தில்தான் 'ச', 'ஸ' எல்லாம் நழுவும். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் குறைந்துவிட்டது என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி சைலன்சர். ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. பைக் சைலன்சர் போலத்தான் வேலை செய்கிறது: குழலிலிருந்து சீறி வரும் சூடான வாயுவை உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதவிட்டு, மெதுவாக வெளியே விடும். வேட்டை ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். சைலன்சர் அதில் சுமார் 20 முதல் 35 வரை குறைக்கும். நல்ல குறைப்புதான், ஆனால் மிச்சமிருப்பது 130, 140. திடீர் வெடிச்சத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்நலத் துறை வைத்திருக்கும் உச்ச வரம்பே 140தான். சினிமாவில் வரும் 'புஸ்' சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ரைஃபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறக்கிறது. போகும் வழியெல்லாம் அது கிழிக்கும் 'படார்' சத்தத்தைக் குழல்முனையில் மாட்டிய எதுவும் தடுக்காது.

சைலன்சரை வைத்து அமெரிக்காவில் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1934-இன் துப்பாக்கிச் சட்டப்படி இதற்கு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அது பூஜ்யம். பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன. வரியை எடுக்கச் சொன்னவர்கள் காதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டினார்கள். எதிர்ப்பவர்கள், 2019-இல் வர்ஜீனியா பீச்சில் 12 பேரைக் கொன்றவன் சைலன்சர் வைத்திருந்ததைச் சொல்கிறார்கள். சுடும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாவிட்டால் மக்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஃபின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்கள் இதைச் சர்வசாதாரணமாக மாட்டுகிறார்கள். ஒரு காது மருத்துவராக எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் காதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், சில டாலருக்குக் கிடைக்கும் இயர் பிளக்கைப் பற்றியும் அதே குரலில் பேசியிருக்கலாம்.

வேட்டைக்காரர்கள் அதை வைக்காததற்குக் காரணம் உண்டு. புதருக்குள் பன்றி நகரும் சத்தம் கேட்க வேண்டுமே! அதற்குத்தான் ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடும் எலக்ட்ரானிக் இயர் மஃப். சின்னச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், வெடிச்சத்தத்தைக் குறைக்கும். நுரை பிளக் என்றால், மெல்லிய திரியாக உருட்டி, எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செலுத்தி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்தும் பிரயோஜனமில்லை. பஞ்சு வேண்டவே வேண்டாம். சைலன்சர் இருந்தாலும் இவற்றில் ஒன்றாவது காதில் இருக்கட்டும். பயிற்சிக் களத்தில் பிளக், மஃப் இரண்டும்.

பக்கத்தில் நிற்பவர்களையும் கவனியுங்கள். உதைப்பைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் பிரேக், சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும். சுடுகிறவரைவிட அருகில் இருப்பவருக்கு அடி அதிகம். பையனைக் கூட்டிப் போனால் அவனுக்கும் மஃப் மாட்டுங்கள்.

மறுபடி எப்போதாவது சுட்ட பிறகு காது அடைத்தாலோ இரைந்தாலோ அன்றைக்கு வேட்டையை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள். சிலருக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம். அது சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.