மூட்டோடு நிற்காத வலி: கேள்வி பதில்

உடல் முழுவதையும் பிடிக்கும் அழற்சி நோய்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிக்கு மேல் வந்தவை பரிசோதனைச் சீட்டின் படங்கள். "சி.ஆர்.பி. 18, பயப்படணுமா டாக்டர்?" என்று கீழே ஒரு வரி, அவ்வளவுதான். (சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனை.) சீட்டை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல மூட்டு, வாத நோய்களைப் பார்க்கும் எந்த வாதவியல் மருத்துவராலும் முடியாது. எங்கே வலி, எப்போது கூடுகிறது, எத்தனை நாளாக என்று எழுதியவர்களுக்குத்தான் இங்கே பதில். ஒரு கேள்வி மட்டும் வரிசையைத் தாண்டி முதலில்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மூன்று வாரமாக நெற்றிப்பொட்டில் தலைவலி. சீப்பு பட்டாலே வலிக்கிறது என்கிறார். கொஞ்சம் மென்றதும் தாடை வலிக்கிறது என்று சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். பல் டாக்டரிடம் காட்டலாமா?

வேண்டாம், இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்று இவருக்குத் தனியாக அப்போதே எழுதிவிட்டேன். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலைத்தோலில் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது ராட்சத செல் தமனி அழற்சி. ரத்தக்குழாயின் சுவர் வீங்கி உள்வழி குறுகிப்போகும். கண்ணுக்குப் போகும் குழாய் அடைத்தால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனைக்குக் காத்திராமல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவோம். சோதனையைச் சில நாள் கழித்தும் செய்யலாம்.

கேள்வி: கை வலி என்று போனேன். சிறுநீர், கண், நெஞ்சு எக்ஸ்ரே என்று எழுதித் தருகிறார்கள். எதற்கு இதெல்லாம்?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடும். அதுதான் அழற்சி. முள் போனதும் அடங்கிவிடும். உங்கள் மாதிரி நோயில் முள்ளே இல்லை, வீக்கம் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. அதை நடத்தும் அணுக்களும் வேதிப்பொருட்களும் ரத்தத்தோடு ஓடுபவை, மூட்டோடு நின்றுவிடாது. முடக்குவாதம் நுரையீரலில் தழும்பு போடும், கண்ணைச் சிவக்க வைக்கும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும்.

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய். அது சிறுநீரகத்தைத் தொடும்போது வலியே இருக்காது. சிறுநீர் நுரைப்பதும் கால் வீங்குவதும் பிந்தித்தான் தெரியும். அதற்கு முன்பே புரதம் கசிவதைக் காட்டிக்கொடுப்பது சிறுநீர் பிடிக்கும் அந்தச் சின்னப் புட்டிதான். அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

கேள்வி: வயது 34. காலையில் விரலை மடக்க முடியவில்லை. தேய்மானமா, வாதமா?

எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறது? தேய்மானமென்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறுக்கம் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். அழற்சியில் நேர்மாறு. ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் இறுக்கம் இருக்கும், அசைக்க அசைக்கத் தேவலாம் போல இருக்கும்.

எந்த மூட்டு என்பதையும் பாருங்கள். முடக்குவாதம் விரலின் அடி மூட்டையும் நடு மூட்டையும் பிடிக்கும், நகத்தை ஒட்டிய மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். கை குலுக்குவதுபோல் யாரையாவது உங்கள் விரல்களின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தச் சொல்லுங்கள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டால் தள்ளிப்போடாமல் வாதவியல் மருத்துவரைப் பாருங்கள். முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டு அரிப்பதை நன்றாகவே தடுக்கலாம்.

கேள்வி: ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80. எனக்கு லூபஸா?

ஏ.என்.ஏ. என்பது நம் அணுக்கருவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள். 1:80 என்றால் ரத்தநீரை 80 மடங்கு நீர்க்கச் செய்தும் அது தெரிகிறது என்று பொருள். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், காரணமில்லாக் காய்ச்சல் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த எண்ணை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அளவில் எந்த நோயும் இல்லாதவர்களிலேயே பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் வரும். லூபஸ் உள்ளவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஏ.என்.ஏ. இருக்கும் என்பது சரி. ஏ.என்.ஏ. உள்ளவர்களுக்கெல்லாம் லூபஸ் என்பது சரியில்லை. அறிகுறியே இல்லாதவருக்கு இந்தச் சோதனையை எழுதாமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: லூபஸ் இருக்கிறது. ஈ.எஸ்.ஆர். ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, சி.ஆர்.பி. நார்மல். லேப் தவறா?

தவறில்லை, லூபஸின் குணமே அது. ஈ.எஸ்.ஆர். என்பது குழாயில் நிற்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு. ரத்தசோகை, வயது, கர்ப்பம் எல்லாமே அதைக் கூட்டும். சி.ஆர்.பி. கல்லீரல் செய்யும் புரதம், சில மணி நேரத்தில் ஏறும், காரணம் போனால் சில நாளில் இறங்கும். லூபஸ் கிளம்பும்போது இது பெரும்பாலும் பேசாமல் இருக்கும். உங்களுக்கு இது திடீரென்று எகிறினால்தான் கிருமித்தொற்று உண்டா என்று தேடுவோம்.

கேள்வி: ஸ்டீராய்டு என்றாலே பயம். முகம் வீங்கிவிட்டது, நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

இன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் பயம் நியாயமானதுதான். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்குள்ளேயே வீங்கிய முகமும் மற்றத் தொல்லைகளும் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இப்போது ஸ்டீராய்டை நெருப்பணைக்க மட்டும் வைத்துக்கொண்டு, நீண்ட ஓட்டத்துக்கு வேறு மருந்துகளைத் தருகிறோம்.

கேள்வி: பக்கத்தில் படுத்தால் ஒட்டுமா?

ஒட்டாது.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒன்றுதான் என்கிறார்கள். வலி அதிகமான நாளில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது வலி மாத்திரை இல்லை, நீண்ட ஓட்டத்துக்கு என்று மேலே சொன்ன மருந்துகளில் ஒன்று, வேலையைக் காட்டவே சில வாரம் ஆகும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். உதடெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை, வெள்ளையணுக்கள் அதலபாதாளத்தில். சட்டைப்பையிலிருந்த அட்டையில் எட்டுக் குழி காலி. வாரம் ஒன்று என்று சொன்னதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பிழைத்துக்கொண்டார், மூன்று வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர்களையே ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.