பிளஸ் ஒன்னிலேயே நுழைவுத் தேர்வுக்குத் தயாராக வேண்டுமா?

மகள் இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், நீட், ஜேஇஇ இரண்டுக்கும் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் என்றால், அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட, கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூவில் கணக்கை 100க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் மாற்றி 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். ஐஐடி, என்ஐடி கனவு இருந்தால்தான் ஜேஇஇ. அதன் முதல் கட்டமான மெயின் தேர்வு பொதுவாக ஜனவரி, ஏப்ரல் என இரு முறை நடக்கும். இரண்டையும் எழுதினால் நல்ல மதிப்பெண்ணே கணக்கில் வரும்.

மருத்துவம் என்றால் நீட்டைத் தவிர வழியில்லை. மொத்தம் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. சரியான விடைக்கு 4, தவறானால் 1 குறையும். அதனால் தெரியாததைக் குத்துமதிப்பாகக் குறிக்காமல் விடவும் பழக வேண்டும். கேள்விகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டிலிருந்தும் வரும். பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டு நேரே பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகள் உண்டு. அங்கேதான் பிள்ளைகள் அடிவாங்குகிறார்கள். கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன் மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதட்டும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள்.