மாதச் சம்பளக்காரர் பைக் ரேஸ் ஓட்ட முடியுமா? எவ்வளவு செலவாகும்?

மாதம் 30,000 சம்பளம், கையில் ஒரு பழைய யமஹா ஆர்15 இருக்கிறது, ரேஸ் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே நான் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மூன்று சீசன் ஓட்டினேன். என் பைக்கும் 58,000 கொடுத்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆர்15தான்.

முதல் வருடம் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருந்த 22,000ஐ சைலன்சர், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர் ஃபில்டர் என்று இன்ஜினிலேயே போட்டேன். நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் கூடியது. வளைவு வந்ததும் எல்லாரும் எனக்கு உட்பக்கமாகப் புகுந்து போய்விட்டார்கள். அந்த டிராக் 3.717 கிலோமீட்டர், அதில் 12 வளைவு. நேரம் போவதும் வருவதும் அங்கேதான். அடுத்த வருடம் அதே தொகையை மென்மையான காம்பவுண்டு டயருக்கும் ஆறு நாள் பிராக்டீஸுக்கும் செலவழித்தேன். லேப் டைமில் நான்கு விநாடி குறைந்தது. கம்பெனியில் வந்தபடியே பெரிதாக மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் வகுப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதைப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

ஆனால் டயருக்கும் முன்னால் உடம்புக்கு வாங்குங்கள். லெதர் சூட் பழையது வாங்கலாம், தையலை மட்டும் விரல் வைத்து இழுத்துப் பார்த்து வாங்குங்கள். எனக்கு 17,000க்குக் கிடைத்தது. ஹெல்மெட் மட்டும் பழையது கூடவே கூடாது. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகுக் காப்பு, பூட், கிளவுஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 45,000 ஆனது. எட்டு மாதச் சேமிப்பு அது. அந்த எட்டு மாதமும் நான் டிராக்கில் இறங்கவில்லை.

அதன் பலன் ஒரு வலது வளைவில் தெரிந்தது. பிரேக்கைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டேன், முன்சக்கரம் மடிந்தது, நானும் பைக்கும் தனித்தனியாகச் சறுக்கிக்கொண்டு போனோம். எழுந்து பார்த்தால் முழங்கையில் லெதர் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. உள்ளே தோலில் ஒரு கீறல் இல்லை. லிவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில், ஃபேரிங் என்கிற வெளி பிளாஸ்டிக் கூட்டுக்குப் பட்டி என்று 4,200 ஆனது. விழாமல் ரேஸ் ஓட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அதனால் இந்தச் செலவை பெட்ரோல் செலவு மாதிரி முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள். வண்டி இன்ஷூரன்ஸ் வரும் என்று நினைக்காதீர்கள். ரேஸில் ஆன சேதத்துக்கு பாலிசி பணம் தராது.

பட்டறை வேலை தெரிந்தவருக்கு நிறைய மிச்சமாகும். ஆயில் டிரெய்ன் போல்ட் கழன்று விழாமல் இருக்க அதன் தலையில் ஓட்டை போட்டு ஸ்டீல் கம்பியால் கட்ட வேண்டும். ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். என் முதல் போல்ட்டுக்கு மூன்று டிரில் பிட் உடைந்தது. 1.5 மில்லிமீட்டர் பிட் மறுபக்கம் சாய்வாக வெளியே வரும்போதுதான் டக்கென்று முறியும். அந்தக் கடைசி அரை மில்லிமீட்டரில் கையை லேசாக்கி, எண்ணெய் விட்டு, மெதுவாக இறக்க வேண்டும். கம்பியை முறுக்கும்போது அது போல்ட்டை இறுக்குகிற திசையில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியும் பயனில்லை. அப்புறம் ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் டிராக்கில் சிந்தினால் ஆயில் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிறவர் விழுவார்.

இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ் கட்டாயம், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். பைக்கைக் கொண்டுபோக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பேசுவோம். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சின்ன டிராக், சின்ன பைக்குக்குப் பொருத்தம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்கள் சம்பளத்துக்கு அதைத்தான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். டிவிஎஸ் மாதிரி கம்பெனிகள் நடத்தும் ஒன் மேக் சாம்பியன்ஷிப்புக்கு ஆள் எடுப்பார்கள். டிராக்கில் ஓட்டவிட்டு நேரம் பார்ப்பார்கள், தேர்வானால் கம்பெனியே தயார் செய்த பைக். எல்லாருக்கும் ஒரே வண்டி என்பதால் பணம் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் கையிலும் கண்ணிலும் மட்டும்தான். நான் இரண்டு முறை போய்த் தேர்வாகவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு நாளில் கற்றது எந்தப் பிராக்டீஸிலும் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம்: பழகுவதற்கு என்று ஈசிஆரில் இறங்காதீர்கள். பிடிபட்டால் முதல் முறையே 5,000 வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அதைவிட, எதிரே குழந்தையோடு ஸ்கூட்டரில் வருபவருக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுவது தெரியாது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டு அடுக்கி ரேஸ் நடந்த காலம் போய், நமக்கு என்று முறையான டிராக் இருக்கிற ஊர் இது.

முதல் நாள் வரும்போது பிரேக் லிவர், கிளட்ச் லிவர் ஒன்றொன்று உபரியாகவும் தண்ணீர் ஐந்து லிட்டரும் எடுத்து வாருங்கள். மதிய வெயிலில் லெதருக்குள் இருபது நிமிடம் இருந்தால் தலை சுற்றும். பைக்கை ஸ்டாண்டில் போட்டதும் முதலில் குடியுங்கள், டயர் பிரஷரை அப்புறம் பார்க்கலாம்.